இன்குபேட்டர், "பெருவிடை" முட்டைன்னு 16,000 ரூபாய் போச்சுங்க, உஷார்

முட்டை பொரிக்கிற மிஷின் வாங்கலாம்னு இருக்கறவங்க, முக்கியமா ஈரோடு, திருப்பூர், கோயமுத்தூர் பக்கத்துக்காரங்க, இதைப் படிச்சுட்டு வாங்குங்க. கோவத்துலதான் எழுதறேன். மொத்தம் 16,000 ரூபாய். பிளைவுட் பெட்டி ஒண்ணு 11,800. பெருவிடைங்கற பெரிய நாட்டுக்கோழி ஜாதி முட்டை 60, ஒண்ணு 70 ரூபாய்னு 4,200.

பேரு எழுத வேண்டாம்னு எங்கூட்டுக்காரர் சொல்லிப்போட்டார். நாட்டுக்கோழி வளர்ப்பு வீடியோ போட்டு, அதுலயே மிஷினும் முட்டையும் விக்கிற ஆளுங்க. அந்த மாதிரி நிறையப் பேர் இருக்காங்க, எல்லார்த்துகிட்டயும் சூதானமா இருந்துக்குங்க.

எனக்குச் சென்னிமலைப் பக்கம். ஒரு பொட்டை பத்துப் பன்னெண்டு முட்டைக்கு மேல அடை காக்காது. பொரிச்சதுல பருந்துக்கும் கீரிக்கும் போனது போக அஞ்சோ ஆறோதான் மிஞ்சும். அதுக்குத்தான் மிஷின் கேட்டேன். போன்ல எடுத்தவொடனே, "சென்னிமலைங்களாக்கா? என்ற சின்னம்மா ஊரு அதானுங்க"ங்கறான். மழை பேஞ்சுதா, மாடு எத்தனைன்னு விசாரிக்கறான். அப்பறம் வீடியோ கால்ல வந்தான். பின்னாடி தட்டுல ஓடு ஒடைச்சு ஈரத்தோட குஞ்சு எந்திரிக்குது. கையில ஒரு பெருவிடைச் சேவல், நல்லாக் கழுத்தை நீட்டிக்கிட்டு. "இதோட முட்டைதானுங்கக்கா உங்களுக்கு. நூத்துக்கு எம்பது பொரிக்கும், இல்லைன்னா காசு வாபஸ்." சேவல் எப்ப முட்டை போட்டுதுன்னு இப்ப சிரிக்கலாம். அன்னைக்கு அந்தச் சேவலைப் பாத்தா ஆரும் காசு அனுப்புவாங்க. 16,000த்தையும் முன்னாடியே வாங்கிக்கிட்டான்.

பார்சல்ல முட்டை உமிக்குள்ள வந்துச்சு. வந்தவொடனே மிஷின்ல வெச்சிருங்கன்னான். குலுங்கி வந்த முட்டையை அகன்ற முனை மேல இருக்கறாப்பல ஒரு நாள் அப்படியே வெச்சிருந்துட்டுத்தான் சூட்டுல வெக்கோணும், அதுகூடச் சொல்லலை. நான் ஆற வெச்சுத்தான் அடுக்குனேன். கூடவே எங்கூட்டுக் கோழி முட்டை பத்து, பென்சில்ல குறி போட்டு.

தண்ணித் தட்டுல ஊத்திட்டு ஈரக் கையோட அந்தாளு முட்டை ஒண்ணை எடுத்தேன். வெரல்ல பழுப்பா ஒட்டுச்சு. பாவாடைத் துணியை நனைச்சுத் தொடைச்சா, உள்ள பால் வெள்ளை! டீ டிகாஷன் சாயமுங்க. நாமக்கல் பக்கம் பண்ணையில கூண்டுல போடற வெள்ளை முட்டை. கடையில ஆறேழு ரூபாய். அந்தக் கூண்டுல சேவலே இருக்காது, சேவல் சேராத முட்டையை வருசம் பூராச் சூட்டுல வெச்சாலும் குஞ்சு வராது.

இருந்தாலும் ஏழாம் நாள் வரைக்கும் பொறுத்து, இருட்டு ரூம்ல போன் டார்ச்சை வெச்சுப் பாத்தேன். எங்கூட்டு முட்டையில எட்டுல செவப்பு நரம்பு சிலந்தி கால் மாதிரி ஓடுது, நடுவுல கரு அசையுது. அவனோட 60லயும் வெறும் வெளிச்சந்தான். ஒண்ணுல ஒரு நூல் நரம்பு இல்லை.

போன் பண்ணினா, கரன்ட் போயிருக்கும்ங்கறான். இன்வெர்ட்டர் இருக்குது, அதே தட்டுல எங்க முட்டை உசுரோட இருக்குதேன்னேன். கதவைத் தெறந்து தெறந்து பாத்திருப்பீங்கங்கறான். அப்பறம் கேட்டானே ஒரு கேள்வி: "ஊட்ல பொம்பளைங்க ஆராச்சும் தூரமா இருந்து தொட்டுட்டீங்களா? அதான் கூமுட்டை ஆயிருக்கும்." எனக்கு ஒடம்பெல்லாம் எரிஞ்சுது. தூரமா இருந்தா எங்க முட்டை மட்டும் எப்படிடா கரு கூடுச்சு? சாயத்தைப் பத்திக் கேட்டேன், லைன் கட்.

பொறகு மிஷினும் காலை வாரிடுச்சு. ராத்திரியில ஃபேன் நின்னுபோச்சு. வெளியில செவப்பு நம்பர் 37.5ன்னே காட்டுது. சந்தேகப்பட்டுக் காச்சல் தெர்மாமீட்டரை மேல்தட்டுல வெச்சா 104 ஃபாரன்ஹீட்! 99.5 இருக்கோணும், செல்சியஸ்ல அதுதான் அந்த 37.5. கரு சித்த நேரம் குளுந்தாலும் தாங்கும், சூடு ஏறினாத் தாங்காது. எட்டும் போச்சுங்க. ஒண்ணை ஒடைச்சுப் பாத்தேன், இறகு மொளைச்சு மூக்கு வெச்ச குஞ்சு, வகுத்துல மஞ்சக்கரு இன்னும் உள்ள போகலை.

வாரன்டி கார்டைப் படிச்சா "மின்சாரப் பாகங்களுக்கு வாரன்டி கிடையாது"ன்னு போட்டிருக்குது. மிஷின்ல பிளைவுட்டைத் தவிர மிச்சமெல்லாம் மின்சாரந்தானே! "கொண்டாந்து குடுங்க பாக்கறோம்"னான். எங்கன்னு கேட்டா "லொகேசன் அனுப்பறேன்"னான். வரலை. நான் போட்ட கமென்ட்டை அழிச்சு, நம்பரையும் பிளாக் பண்ணிப்போட்டான். வீடியோ தளத்துல புகார் குடுத்தேன், விதிமீறல் எதுவும் இல்லைன்னு ஒரு வரி பதில். 16,000 ரூபாய் போனது அவங்களுக்கு விதிமீறல் இல்லையாமா.

2012ல பெருந்துறைப் பக்கம் ஈமு கோழியில எத்தனை குடும்பம் காசை விட்டுச்சு. அந்த ஊர்ப்பக்கத்துலயே, அதே தேன் பேச்சுல இன்னும் ஏவாரம் நடக்குது.

என்னென்ன பாக்கோணும்னு வெவரமா எழுதலாம்னுதான் ஒக்காந்தேன், இப்ப முடியலைங்க. சேவலும் பொட்டையும் ஒண்ணா மேயறதை நேர்ல பாத்து அங்கயே முட்டை வாங்குங்க. ஈரத்துணியில ஒரு தேய் தேய்ச்சுப் பாருங்க. மிஷினை முட்டை இல்லாம ஒரு நாள் ஓட்டி, நாலு மூலையிலயும் தெர்மாமீட்டர் வெச்சுப் பாருங்க. முழுக் காசும் முன்னாடியே குடுக்காதீங்க. பில் இல்லைன்னா வாங்கவே வாங்காதீங்க, எனக்குக் குடுக்கலை, 16,000த்துக்கு என்கிட்ட இருக்கறது போன் ஸ்கிரீன்ஷாட்தான்.

நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசிப் பதிஞ்சிருக்கேன். கேஸ் போடறதுன்னா 5 லட்சம் வரைக்கும் கட்டணம் இல்லையாமா, ஈரோட்டுல போடறதா இருக்கேன். அவன் இன்னைக்குக் காலையிலகூட புது வீடியோ போட்டிருக்கான், அதே சேவலைக் கையில வெச்சுக்கிட்டு, மூணு மிஷின்தான் பாக்கின்னு.