கோரிப்பாளையத்தில் ஒரு நர்சிங் படிப்பு ஆலோசனை மையம்

உயிர்வேதியியல் பட்டம் முடித்த என் தங்கை மகளுக்காகக் கோரிப்பாளையத்திலுள்ள ஓர் ஆலோசனை மையத்துக்குச் சென்றிருந்தோம். வேறு துறைப் பட்டதாரிகள் அமெரிக்காவில் 12 முதல் 18 மாதங்களில் முடிக்கும் விரைவுப் படிப்புக்கும், வழக்கமான 4 ஆண்டுப் படிப்புக்கும் செவிலியர் உரிமத்துக்கான ஒரே என்க்ளெக்ஸ் தேர்வு, ஒரே ஆர்.என். (பதிவுபெற்ற செவிலியர்) உரிமம்தான் என்பதை அங்கிருந்த அம்மையார், பழைய நாட்குறிப்பின் பின்பக்கத்தில் இரண்டு கோடுகள் வரைந்து, அவற்றை ஒரு புள்ளியில் சேர்த்துக் காட்டி விளக்கிய விதம் அருமை. ஆனால், விரைவுப் படிப்பு முடித்தவருக்கே பதவி உயர்வு முதலில் வரும் என்றாரே, அதற்கு ஆதாரம் கேட்டபோது நீட்டியது வெறும் வண்ணத் துண்டறிக்கை. பி.எஸ்சி. நர்சிங் என்றால் நம் ஊரில் 4 ஆண்டுகள்தான், வேறு பட்டம் இருந்தாலும் சலுகை இல்லை என்பதை நாங்கள் துருவிய பிறகே சொன்னார்கள். கட்டணம் 500 ரூபாய், ரசீது தரவில்லை.