எட்டுக் கம்பி, எட்டு வருடம்

கையால் செய்த, மேல்பலகை தட்டையாக இருக்கும் 'தட்டை முகப்பு' மாண்டலின் ஒன்று எட்டு வருடமாக என்னிடம் இருக்கிறது. வாங்கிய மாதமே எழுதியிருந்தால் புகழ்ந்து தள்ளியிருப்பேன். முதல் வருடக் கடைசியில் எழுதியிருந்தால் யாரும் வாங்கிவிடாதீர்கள் என்றிருப்பேன். இப்போது இரண்டும் தணிந்துவிட்டது, அதனால் எழுதலாம்.

என் நிலவரத்தைச் சொல்லிவிடுகிறேன். கோலாலம்பூர் செந்தூலில் அடுக்குமாடி வீடு. பிள்ளைகள் தூங்கிய பிறகு, இரவு பத்து மணிக்கு மேல் அரை மணி நேரம் வாசிப்பேன். வெள்ளிக்கிழமைகளில் அத்தை வீட்டு பஜனைக்கு எடுத்துப் போவேன். மேடை, கச்சேரி எதுவும் கிடையாது. நான் சொல்லப் போவதையெல்லாம் இந்த அளவில் வைத்துப் படியுங்கள்.

நம் வீடுகளில் மாண்டலின் என்றாலே ஸ்ரீநிவாஸ்தான். அப்பா காரில் அவர் கேசட் தேயத் தேய ஓடியிருக்கிறது. 2014 செப்டம்பரில் அவர் காலமானபோது வயது நாற்பத்தைந்துதான். அந்த வாரம் முழுக்க அவர் வாசிப்பையே கேட்டுக்கொண்டிருந்தேன். அப்போது வந்த ஆசை இது. ஆனால் ஆசை வந்த கையோடு யோசனை வரவில்லை. கடைக்குப் போய் 380 வெள்ளிக்கு (ரிங்கிட்) ஒன்று வாங்கி வந்தேன். ஒட்டுப்பலகை, மேலே பளபளவென்று வார்னிஷ். கம்பியைச் சும்மா மீட்டினால் சுருதி சரியாக இருக்கும். கழுத்தின் குறுக்கே பதித்த ப்ரெட் கம்பிகளில் பன்னிரண்டாவதில் அழுத்தினால் கால் சுருதி ஏறி நிற்கும். கடைக்காரரிடம் கேட்டேன். "புதுசுன்னா அப்படித்தான் இருக்கும் தம்பி, போகப் போக சரியாயிடும்" என்றார். போகப் போக என் விரல்தான் காய்த்துப் போனது.

இரண்டு வருடம் கழித்துத்தான் ஒழுங்காக விசாரிக்க ஆரம்பித்தேன். மாண்டலினில் பொதுவாக மூன்று குடும்பம். இத்தாலிய நேப்பிள்ஸ் வகைக்கு முதுகு பூசணிக்காயைப் பாதியாக வெட்டியது போல இருக்கும், மடியில் நிற்காமல் உருளும். அடுத்தது குடைந்த முகப்பு. தடித்த பலகையை வயலின் மாதிரி வளைவாகக் குடைந்து எடுப்பார்கள்; அமெரிக்க வாத்தியக் கைவினைஞர் ஆர்வில் கிப்சன் 1898ல் காப்புரிமை வாங்கிய வழி அது. ப்ளூகிராஸ் என்ற அமெரிக்க நாட்டுப்புற இசையின் தந்தை பில் மன்றோ வாசித்ததும், அந்த இசைக்காரர்கள் இன்று வரை தேடுவதும் அந்தக் குடும்பம்தான். மூன்றாவது தட்டை முகப்பு. கிட்டார் போல மெல்லிய பலகை, உள்ளே குச்சிகள் தாங்கும், பெரும்பாலும் நடுவில் வட்டமான அல்லது முட்டை வடிவ ஓட்டை. அமெரிக்க கிட்டார் கம்பெனியான மார்ட்டின் 1914லிருந்தே இந்த வகை செய்திருக்கிறது, அதனால் புதுசாகக் கண்டுபிடித்த மலிவுச் சரக்கு என்று நினைக்க வேண்டாம்.

தட்டை முகப்புக்கு விலை குறைவதற்குக் காரணம் எளிது. குடைவதற்கு நாள் கணக்கில் கைவேலை வேண்டும். தட்டைப் பலகைக்கு அது மிச்சம். நத்தை ஓடு மாதிரி சுருண்டு நிற்கும் தோள் அலங்காரம் உள்ளவை பார்க்க அழகுதான், ஆனால் அந்தச் சுருளுக்குக் கொடுக்கும் காசு கண்ணுக்குப் போகிறது, காதுக்கு வருவதாக எனக்குத் தெரியவில்லை.

அமெரிக்காவில் தனியாளாகப் பட்டறை நடத்தும் ஒருவரோடு மின்னஞ்சலில் பேசி, 2017ல் வாங்கினேன். தபால் செலவோடு 3,400 வெள்ளி. ஒரே மெதுவான மெட்டை இரண்டு வாத்தியத்தில் வாசித்து அனுப்பச் சொன்னேன், ஒன்று சிடார் மர முகப்பு, மற்றது ஸ்ப்ரூஸ் மரம். சிடார் முதல் கேட்பிலேயே மயக்கியது. ஆனால் பலமாக மீட்டும் இடத்தில் ஒலி ஒரு அளவுக்கு மேல் ஏறவில்லை, குழைந்தது. ஸ்ப்ரூஸ் எடுத்தேன், முதுகு மஹோகனி. ரோஸ்வுட் வேண்டாம் என்பதை அவரே சொன்னார். அந்த வருடம் ஜனவரியிலிருந்து ரோஸ்வுட் இனம் முழுவதும், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்துக்கான சைட்டஸ் ஒப்பந்தக் கட்டுப்பாட்டுக்குள் வந்திருந்தது, நாடு தாண்ட தனி அனுமதிக் காகிதம் வேண்டும். 2019 கடைசியில் முழுமையாகச் செய்து முடித்த வாத்தியங்களுக்கு அதைத் தளர்த்திவிட்டார்கள், அது வேறு கதை. நான் கேட்டுக்கொண்ட ஒரே மாற்றம் கழுத்தின் அகலம். கழுத்தின் மேல்முனையில் கம்பிகளைத் தாங்கும் நட் இருக்கும் இடத்தில் முப்பது மில்லிமீட்டர். வழக்கமானதைவிட ஒன்றரை மில்லிமீட்டர்தான் கூடுதல், ஆனால் என் மாதிரி தடித்த விரல்காரனுக்கு அது பெரிய வீடு.

வந்த அன்று கைப்பேசி விளக்கை ஓட்டைக்குள் அடித்துப் பார்த்தேன். முதுகுப் பலகையின் உள்பக்கம் பென்சிலில் தேதியும் கையெழுத்தும். பக்கத்தில் ஒரு பசைத்துளி வழிந்து காய்ந்திருந்தது. அதைத் துடைக்காமல் விட்டதில் ஏனோ எனக்கு ஒரு நிம்மதி.

ஒலிக்கு வருகிறேன். நம் சங்கீதக்காரர்கள் கார்வை என்பார்களே, ஒரு சுரம் மீட்டிய பிறகும் நின்று ஒலிப்பது, அதுதான் இந்த வாத்தியத்தின் சொத்து. குடைந்த முகப்பில் ஒலி பளிச்சென்று பாய்ந்து சீக்கிரம் அடங்கும், தாளத்துக்கு வெட்டி வெட்டி வாசிக்க அது தோது. தட்டையில் ஒலி கொஞ்சம் தாமதமாக விரிந்து, அடிக்கம்பிகளில் கனமாக நின்று, அடுத்த சுரத்தோடு கலக்கும். ராத்திரியில் தனியாக வாசிக்கிறவனுக்குத் துணைக்கு ஆள் இருப்பது போல.

கமகம், அதாவது சுரத்தை அசைத்து வாசிப்பது, அதுதான் பிரச்சினை. ஸ்ரீநிவாஸ் வாசித்தது மின்சார மாண்டலின், ஜோடிக் கம்பிகளை விட்டுவிட்டு ஐந்து ஒற்றைக் கம்பிகளோடு. ஜோடிக் கம்பியை இழுத்து அசைத்துப் பாருங்கள், இரண்டும் ஒரே அளவு இழுபடாது, ஒன்று முன்னே ஒன்று பின்னே என்று ஒலி கீறும். கமகமே உயிரான தோடி ராகத்தை இதில் தொட்ட அன்றே எனக்குப் புரிந்துவிட்டது. அவர் மாதிரி வாசிக்க வேண்டுமென்று இதை வாங்கினால் ஏமாந்துதான் போவீர்கள். நான் இழுப்பதை விட்டுவிட்டுச் சுரத்தை நிறுத்தி வாசிக்கப் பழகினேன். மோகனம், ஹம்சத்வனி ராகங்கள், பழைய சினிமா மெட்டுகள், நாமாவளிகள் நன்றாக உட்காருகின்றன.

இனி அந்த முதல் வருடம். செய்தவர் ஈரப்பதம் ஐம்பது சதவீதத்தை ஒட்டி இருக்கட்டும் என்று எழுதியிருந்தார். நம் ஊர் ஈரம் அவருக்கு எங்கே தெரியும்? வீட்டு ஹாலில் மீட்டர் வைத்துப் பார்த்தால் எழுபத்தெட்டு. மூன்றே மாதத்தில் முகப்பு லேசாக உப்பி, கம்பிகள் உயர்ந்து, அழுத்தினால் விரல் வலித்தது. பதறிப்போய் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் ஆறு பொட்டலம் போட்டு மூடி, ஏர்கான் அறையில் வைத்தேன். அப்புறம் சீனப் புத்தாண்டு விடுமுறைக்குப் பினாங்கு போய்ப் பத்து நாள் கழித்து வந்தோம். பெட்டியைத் திறந்து கழுத்தைத் தடவினேன், சுருக்கென்றது. ப்ரெட் கம்பிகளின் முனைகள் இரண்டு ஓரத்திலும் ரம்பம் போல நீட்டிக்கொண்டிருந்தன. பெட்டிக்குள் இருந்த மீட்டர் முப்பத்தேழு காட்டியது. உலோகம் சுருங்காது, மரம் அகலவாக்கில் சுருங்கிவிடும். முகப்பு இறங்கியதால் கம்பிகள் ப்ரெட்டில் உரசி இரைந்தன. கோலாலம்பூரில் இருந்துகொண்டு ஒரு வாத்தியத்தைக் காயப்போட்டுக் கெடுத்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

செய்தவருக்கு எழுதினேன். மீட்டர் காட்டும் எண்ணைத் துரத்தாதே, ஏறி இறங்காமல் பார்த்துக்கொள் என்று பதில் வந்தது. ஐந்து பொட்டலத்தை எடுத்துவிட்டேன். ஏர்கான் அறையிலிருந்து ஹால் அலமாரிக்கு மாற்றினேன். ராத்திரி ஏர்கான், பகலில் புழுக்கம் என்று தினம் ஊஞ்சலாடுவதுதான் மரத்துக்கு ஆகாத விஷயம். பெட்டிக்குள் இப்போது அறுபதுக்கும் அறுபத்தைந்துக்கும் நடுவில் நிற்கிறது. அதற்கேற்றபடி, முகப்பின் மேல் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜின் சிறு சக்கரங்களைத் திருகி உயரம் வைத்தேன், அதற்குப் பிறகு வருடத்துக்கு ஒருமுறை தொட்டால் அதிகம். காரில் மட்டும் ஒருநாளும் விட்டதில்லை. மதிய வெயிலில் மூடிய காருக்குள் பசை இளகிவிடும்.

கம்பி மாற்றுவது தனிக் கலை, இதை யாரும் முன்கூட்டிச் சொல்லித் தரவில்லை. பிரிட்ஜ் ஒட்டியிருக்காது, கம்பிகளின் அழுத்தத்தில் சும்மா நிற்கிறது. எட்டையும் ஒரே நேரத்தில் கழற்றினால் அது கையோடு வந்துவிடும், பன்னிரண்டாவது ப்ரெட்டின் சுருதி போச்சு. ஜோடி ஜோடியாக மாற்ற வேண்டும். கம்பியின் அடிமுனையில் இருக்கும் வளையத்தைக் கொக்கியில் மாட்டிவிட்டு மேலே முறுக்கப் போனால் அது நழுவிக் கழன்றுவிடும். திரும்ப மாட்டினால் திரும்பக் கழலும். கடைசியில் துணி காயப்போடும் கிளிப் ஒன்றால் வளையத்தைக் கொக்கியோடு சேர்த்துக் கவ்வ வைத்தேன். அன்றிலிருந்து அந்த மஞ்சள் கிளிப் பெட்டிக்குள்ளேயே குடியிருக்கிறது. நான் போடுவது பாஸ்பர் ப்ரான்ஸ் உலோகக் கம்பி, அங்குலத்தின் ஆயிரத்தில் பத்து முதல் முப்பத்தெட்டு பங்கு தடிப்பு வரையிலான மெல்லிய செட். மெல்லிய முகப்புக்கு அது போதும், எட்டுக் கம்பியும் சேர்ந்து சுமார் எழுபது கிலோ இழுக்கிறது. மேல் இரண்டு ஜோடியும் வெறும் எஃகு, நம் வியர்வைக்கு மூன்று வாரத்தில் துருப்பிடிக்கும். வாசித்ததும் துடைத்தால் இரண்டு மாதம் தாங்குகிறது. மீட்டும் வில்லையான பிக்கும் முக்கியம். கிட்டாருக்கு வாங்கிய மெல்லிய பிக்கில் டிக் டிக்கென்று பிளாஸ்டிக் சத்தம்தான் முன்னால் வந்தது. ஒன்றரை மில்லிமீட்டர் தடிப்பில், முனை மழுங்கியதாக ஒன்று வாங்கிய பிறகுதான் மரம் பேசியது.

பஜனையில் எதிர்பாராத ஒரு வசதி. மாண்டலினுக்கு வயலினின் மேல்நாட்டுச் சுருதிதான், ஜி, டி, ஏ, இ. அத்தை பாடுவது ஐந்து கட்டை, அதாவது ஜி. அடிக்கம்பியைச் சும்மா மீட்டினால் ஸட்ஜமம், அடுத்தது பஞ்சமம். சுருதிப்பெட்டி மறந்து போன வெள்ளிக்கிழமைகளில் அந்த இரண்டு ஜோடியை வைத்தே ஒப்பேற்றியிருக்கிறேன். மாமா ஒன்றரைக் கட்டையில் ஆரம்பித்துவிட்டால் எனக்குத் திறந்த கம்பி ஒன்றுகூட உதவாது, விரலெல்லாம் சிக்கிக்கொள்ளும். அப்போது ஜால்ரா எடுத்துக்கொள்வேன்.

ஒலி அளவில் குறை உண்டு. நாலு பேர் பாட, ஒரு மிருதங்கம் இருந்தால் கேட்கும். டோலக்கும் கைதட்டலும் சேர்ந்தால் எனக்கே கேட்காது. தைப்பூசத்துக்கு உருமி மேளம் பக்கத்தில் எடுத்துப் போகலாமா என்று மச்சான் கேட்டான், கிண்டலுக்குத்தான். கூட்டத்தோடு வாசிக்க நினைக்கிறவர்கள் குடைந்த முகப்பையோ மின்சார வகையையோ பார்ப்பது நல்லது.

இப்போது இரண்டாவது, மூன்றாவது ப்ரெட்டுகளில் கம்பி தேய்த்துப் பள்ளம் விழுந்திருக்கிறது. மாற்ற வேண்டும். இங்கே ஒரு இடத்தில் நட் பள்ளத்தைச் சரிசெய்யக் கொடுத்து, ஆழமாக அறுத்து, கம்பி இரைச்சலோடு திருப்பித் தந்தார்கள், அதனால் தயங்கிக்கொண்டிருக்கிறேன். போன வெள்ளிக்கிழமை மங்களம் முடித்து, கடைசி ஸட்ஜமத்தை மீட்டிவிட்டுக் கம்பியைக் கையால் அமுக்கப் போனேன். கற்பூரத்தட்டோடு நின்ற அத்தை, "இருடா, அது தானா அடங்கட்டும்" என்றார். அடங்கிய பிறகுதான் தீக்குச்சியைக் கிழித்தார்.