டெக்ட்ரானிக்ஸ் 7ஏ22: மைக்ரோவோல்ட்டைக் கண்ணில் காட்டும் பழைய மாட்யூல்

டெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1969-இல் அறிமுகப்படுத்திய 7000 வரிசை ஆசிலாஸ்கோப்புகளில் (மின்னழுத்தம் மாறுவதைத் திரையில் கோடாக வரைந்து காட்டும் கருவிகள்), முன்பக்க அறைகளில் தேவையான மாட்யூலைச் செருகி, ஒரே கருவியைப் பல வேலைகளுக்கு மாற்றிக்கொள்ளலாம். அந்த மாட்யூல்களில் நான் மிகவும் மதிப்பது 7ஏ22 என்னும் வேறுபாட்டுப் பெருக்கியைத்தான்; இரண்டு உள்ளீடுகளுக்கு இடையிலான வித்தியாசத்தை மட்டும் பெருக்கிக் காட்டுவது இது. இன்றைய சாதாரண டிஜிட்டல் ஆசிலாஸ்கோப்புகள் பல திரையின் ஒரு கட்டத்துக்கு 1 மில்லிவோல்ட் அளவோடு நின்றுவிட, இது 10 மைக்ரோவோல்ட் வரை இறங்குகிறது.

ஒரு மின்வழங்கியின் இரைச்சலை அளந்தபோதுதான் இதன் அருமை புரிந்தது. ஒரே உள்ளீட்டை மட்டும் இணைத்தபோது சுவர் மின்சாரத்திலிருந்து வரும் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் திரை முழுவதும் அலையடித்தது. இரண்டாவது உள்ளீட்டை மின்வழங்கியின் தரை முனையில் இணைத்ததும், இரண்டுக்கும் பொதுவான அந்த அலை ஏறக்குறைய மறைந்து, உண்மையான இரைச்சல் மட்டும் மெல்லிய பட்டையாக எஞ்சியது. மேல் அதிர்வெண் எல்லையை 1 மெகாஹெர்ட்ஸிலிருந்து 10 கிலோஹெர்ட்ஸுக்குக் குறைத்தபோது அந்தப் பட்டையும் ஒடுங்கியது. 1 மெகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட வேலைகளுக்கு இது உதவாது.

பழைய கருவிகள் விற்கும் ஒருவர் ‘சோதித்தது’ என்று சொல்லித் தந்த என் மாட்யூலில், அளவு மாற்றும் குமிழைத் திருப்பும்போதெல்லாம் திரையில் கோடு துள்ளியது. ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்த காகிதத் துண்டைத் குமிழின் உள்ளே உள்ள தங்கமுலாம் பூசிய மின்தொடர்பு முனைகளுக்கிடையே மெதுவாக இழுத்துத் துடைத்த பிறகே அது சீரானது. வாங்குவோர் ஒவ்வொரு அளவையும் திருப்பிப் பார்த்தே பணம் கொடுக்க வேண்டும்.