இரண்டரை ஆண்டுகளாகச் சுவரில் வாழும் செடி வளையம்

சதைப்பற்றுச் செடிகளைக் கொண்டு நான் கட்டிய முதல் வளையம் நான்கே மாதத்தில் அழுகிப்போனது. இப்போது சுவரில் இருக்கும் இரண்டாவது வளையத்துக்கு இரண்டரை வயது. கம்பி, பாசி, செடி வகைகள் எல்லாம் முன்பு வாங்கியவைதான். மாட்டுவதற்கு முன் எத்தனை நாள் பொறுத்திருந்தேன் என்பதில்தான் முக்கிய வேறுபாடு.

முதல் வளையத்தைக் கட்டிய மூன்றாம் நாளே ஆசை தாங்காமல் மாட்டிவிட்டேன். செடிகள் வேர் பிடித்திருக்கவில்லை. ஊற்றிய தண்ணீரெல்லாம் கீழ்ப்பாதியில் இறங்கி நின்றது. மேலே பாசி மொறமொறவென்று காய்ந்து கிடக்க, அடியில் எச்செவேரியா என்ற சதைப்பற்றுச் செடியின் தண்டு கறுத்துக் கூழாகியிருந்தது. தொட்டதுமே ரோஜாப்பூ போன்ற அதன் தலை கையோடு வந்துவிட்டது. அன்று முழுவதும் எனக்கு வேறெதிலும் மனம் செல்லவில்லை.

இரண்டாம் முறை, தண்டு மூன்று சென்டிமீட்டராவது இருக்கும்படி வெட்டி, நிழலில் ஐந்து நாள் போட்டுவைத்தேன். வெட்டுவாய் காய்ந்து தோல் மூடிய பிறகு நட்டால் அழுகல் வெகுவாகக் குறைகிறது. நீரைப் பிடித்துவைக்கும் ஸ்பேக்னம் பாசியை ஊறவைத்துப் பிழிந்து, 30 சென்டிமீட்டர் கம்பி வளையத்தில் திணித்து, தூண்டில் நரம்பால் நெருக்கமாகச் சுற்றினேன். இங்கே கஞ்சத்தனம் கூடாது. பாசி தளர்வாக இருந்தால் நாளடைவில் அமுங்கி, வேர்கள் வெளியே தெரியத் தொடங்கும். பென்சிலால் துளையிட்டு, செடியைச் செருகி, ஆடாமல் இருக்கக் கொண்டை ஊசி குத்தினேன். பிறகு ஏழு வாரம் வெளிச்சமான இடத்தில் மேசைமேல் படுக்கையாகவே வைத்திருந்தேன். மெல்ல இழுத்தபோது ஒரு செடியும் அசைந்துகொடுக்கவில்லை. அதன் பிறகுதான் ஆணியில் மாட்டினேன்.

எச்செவேரியா, வளையத்திலுள்ள இன்னொரு வகையான கிராப்டோபெட்டாலம் ஆகியவற்றின் இலைகளின் மேல் சாம்பல் பூத்தாற்போல ஒரு மெழுகுப் பூச்சு உண்டு. வெயிலிலிருந்து இலையைக் காப்பது அதுதான். தொட்டால் போய்விடும், அந்த இலையில் மீண்டும் வராது. நான் நடும்போது பதிந்த கட்டைவிரல் ரேகை, அந்த இலை உதிரும்வரை அப்படியே இருந்தது. அதனால் எப்போதும் தண்டைப் பிடித்தே நடுங்கள்.

தண்ணீர் தெளிப்பதால் பயனில்லை. ஒருமுறை நன்றாகக் காய்ந்த பாசி, மேலே விழும் துளிகளை உள்ளே விடாது. நான் வளையத்தைக் கழற்றி, அகலமான பாத்திரத்தில் பாசி மட்டும் நனையும்படி இருபது நிமிடம் வைக்கிறேன். வடிந்த பின் ஒருநாள் படுக்கவைத்துவிட்டு, முன்பிருந்த நிலையிலிருந்து கால்வட்டம் திருப்பி மாட்டுகிறேன். கீழ்ப்பக்கம் அழுகாமல் இருக்க இந்தத் திருப்பலும் ஒரு காரணம் என்று உறுதியாகச் சொல்வேன். அடுத்து எப்போது நனைப்பது என்பதை நாள் கணக்கு வைத்துப் பார்ப்பதில்லை. தூக்கிப் பார்த்து, கை கனம் உணராவிட்டால் நனைக்கிறேன். சந்தேகமாக இருந்தால் இன்னும் சில நாள் விடலாம். இவை பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு இரவில் திறப்பவை, நீரைச் சிக்கனமாகச் செலவிடத் தெரிந்தவை.

இடையில் மாவுப்பூச்சி வந்தது. ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் இலையிடுக்குகளைத் துடைத்தேன், மூன்று வாரத்தில் அடங்கியது. கிராப்டோபெட்டாலம் வெளிச்சம் போதாமல் கழுத்தை நீட்டியது. தலையை வெட்டி, வெட்டுவாயை ஆறவிட்டு அதே வளையத்தில் நட்டேன். வெளிச்சம் குறைந்த அறைக்கு இந்த வளையம் வேண்டவே வேண்டாம்.

இரண்டாம் ஆண்டில் வளையத்திலிருந்த செம்பர்விவம் என்ற வகைச் செடி ஒன்று பூத்தது. பூத்த இலைக்கொத்து மடிந்துவிடும் என்று தெரிந்திருந்தும் அதை அகற்றக் கை வரவில்லை. ஆனால் அதைச் சுற்றி ஏற்கெனவே ஐந்து குட்டிகள் வேர்விட்டிருந்தன, இப்போது அந்த இடைவெளியே தெரியவில்லை. போன வாரம் நனைக்கும்போது இன்னொன்றும் கண்ணில் பட்டது: எப்போதோ உதிர்ந்து பாசிக்குள் சிக்கிய எச்செவேரியா இலையின் அடியில், மிளகளவில் ஒரு புதுச் செடி.