இருப்பதா, விலகுவதா? 2016 ஜூன் 23-க்கு முன் எழுதிய ஓர் ஒப்பீடு

பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தில் இருப்பதா, விலகுவதா? 2016 ஜூன் 23 பொதுவாக்கெடுப்பின் வாக்குச்சீட்டில் இந்த ஒரே கேள்விதான். இங்கே வசிக்கும் இந்திய, இலங்கைக் குடிமக்களுக்கும் காமன்வெல்த் உரிமையில் வாக்கு உண்டு. பல வருடம் வரி கட்டும் போலந்துக்காரருக்கு இல்லை. யோசித்துப் போடுங்கள்.

செலவு
இருந்தால்: ஒன்றியத்துக்கு ஆண்டுதோறும் சந்தா. விலகல் அணியின் பிரசாரப் பேருந்தில் எழுதியிருக்கும் 'வாரம் 35 கோடி பவுண்டு' கணக்கை நம்பாதீர்கள். அதில் பிரிட்டனுக்குக் கிடைக்கும் சந்தாத் தள்ளுபடியைக்கூடக் கழிக்கவில்லை.
விலகினால்: சந்தா மிச்சம். ஏற்றுமதியில் நாற்பது சதவீதத்துக்கு மேல் வாங்கும் சந்தையோடு புதுப் பேரம்.

குடியேற்றம்
இருந்தால்: 27 நாடுகளில் வேலை செய்யும் உரிமை.
விலகினால்: யார் வரலாம் என்பதை லண்டன் முடிவு செய்யும்.

அயர்லாந்து எல்லை (பிரிட்டனின் வட அயர்லாந்துக்கும் ஒன்றியத்தில் இருக்கும் அயர்லாந்துக் குடியரசுக்கும் நடுவே)
இருந்தால்: இன்றுபோலவே. வேகப் பலகை கிலோமீட்டரிலிருந்து மைலுக்கு மாறும்போதுதான் எல்லை தாண்டியதே தெரியும்.
விலகினால்: அதுவே ஒன்றியத்தின் வெளி எல்லை. சோதனைச் சாவடி திரும்புமோ என்ற பயம் அங்குள்ளவர்களுக்கு நியாயமானது.

மனம் மாறினால்
இருந்தால்: பிறகும் விலகலாம்.
விலகினால்: மீண்டும் சேர எல்லா உறுப்பு நாடுகளும் சம்மதிக்க வேண்டும்.

சட்டம் வெஸ்ட்மின்ஸ்டரில், அதாவது பிரிட்டன் நாடாளுமன்றத்திலேயே பிறக்க வேண்டும், அதற்காக நஷ்டத்தையும் தாங்குவேன் என்பவருக்கு விலகல் பொருந்தும். பிழைப்போ குடும்பமோ ஐரோப்பாவோடு பின்னியிருப்பவர் இருப்பதற்கே போடலாம். என் வாக்கும் அதற்குத்தான், முக்கியமாக அந்த அயர்லாந்து சாலைக்காக.