கோடையில் ஒளியணுவியல்: அகாடமி திட்டமா, ஐஐடி மெட்ராஸா?

ஒளியை உண்டாக்கி, கடத்தி, அளக்கும் துறைதான் ஒளியணுவியல் (ஃபோட்டானிக்ஸ்). கோடை விடுமுறையில் அதில் ஆய்வு செய்து பழக மாணவர்களுக்கு இங்கே இரண்டு திட்டங்கள். இரண்டுமே சுமார் இரண்டு மாதம். இரண்டிலும் உதவித்தொகை உண்டு.

மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்தும் கோடை ஆய்வுத் திட்டத்தில் பி.எஸ்சி. மாணவர்களும் சேரலாம். பெங்களூரு ராமன் ஆராய்ச்சி நிறுவனம் போல நாட்டின் எந்த மூலையிலும் வழிகாட்டி கிடைக்கலாம். ஆசிரியரின் பரிந்துரைக் கடிதம் வேண்டும். விண்ணப்பத்தைப் பெரும்பாலும் முந்தைய ஆண்டு முடிவதற்குள்ளேயே அனுப்பிவிட வேண்டும்; பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.

ஐஐடி மெட்ராஸ் கோடைத் திட்டம் பி.இ. மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்கு ஏற்றது. அங்கே சிலிக்கான் ஃபோட்டானிக்ஸுக்கென்றே, அதாவது சிலிக்கான் சிப்புக்குள் ஒளியைச் செலுத்தும் தொழில்நுட்பத்துக்கென்றே, தனி மையம் இருக்கிறது. 220 நானோமீட்டர் தடிமனுள்ள சிலிக்கான் பட்டைக்குள் 1550 நானோமீட்டர் அலைநீள ஒளி எப்படி அடங்கி ஓடுகிறது என்று பார்க்க ஆசையா? அப்படியென்றால் இதுதான் இடம். ஆனால் இரண்டே மாதத்தில் சிப்பை வடிவமைத்து, தயாரித்து, சோதித்துப் பார்ப்பதெல்லாம் நடக்காது. சிமுலேஷனோ (கணினியில் ஒளியின் போக்கைக் கணக்கிட்டுப் பார்ப்பது) அளவீடோதான் கையில் வரும். சிமுலேஷனுக்கு இலவசமான 'மீப்' மென்பொருளை வீட்டிலேயே பழகிக்கொண்டு போகலாம்.

என் ஓட்டு, சோதனை மேசை கிடைக்கும் பக்கத்துக்கு. சுமார் 9 மைக்ரோமீட்டர் அகலமே உள்ள ஒளியிழையின் மையத்துக்குள் லேசரை நுழைக்க, ஒளியைத் திருப்பிவிடும் இரண்டு கண்ணாடிகளின் திருகுகளை மாற்றி மாற்றித் திருகி, ஒளியின் திறனை அளக்கும் பவர் மீட்டரில் எண் மெல்ல ஏறுவதைப் பார்த்துப் பழக வேண்டும். சரி, அதை எந்தத் திட்டம் தரும்? அது வழிகாட்டியைப் பொறுத்தது. முதலில் அவருடைய ஆய்வுக்கட்டுரை இரண்டைப் படியுங்கள், அப்புறம் விண்ணப்பியுங்கள்.