திருவாசகம்: மளிகைக் கடைக் கணக்கு மேசையில் ஒரு நெடுநாள் பயன்பாட்டு அனுபவம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திருவாசகம் படித்து எனக்குச் சர்க்கரை குறையவில்லை. வீட்டுக் கடன் தவணை தவணையாகக் கட்டித்தான் தீர்ந்தது. மகளுக்கு வரன் அமைந்தது தரகர் புண்ணியத்தில். இந்தப் பதிகத்தை இத்தனை முறை ஓதினால் இன்னது கைகூடும் என்று அச்சடித்துக் கோயில் வாசலில் கொடுக்கிறார்களே, அந்தத் துண்டுச் சீட்டை நம்பி இந்தப் புத்தகத்தை எடுப்பவர்களுக்கு ஏமாற்றம்தான். ஆனாலும் மகள் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து இன்றுவரை என் கைப்பையில் சாவிக்கொத்தோடு கிடப்பது இதுதான். அட்டை கிழிந்து, பைண்டிங் போட்டு, அதுவும் நைந்துவிட்டது.

மதுரைக் கீழமாசி வீதியில் ஒரு மளிகை மொத்தக் கடையில் கணக்கு எழுதுகிறேன். பேரேடு போய் டேலி வந்துவிட்டது, பெயர் மட்டும் இன்னும் கணக்கக்காதான். புத்தகம் வாங்கியது புதுமண்டபத்தில் கடைகள் இருந்தபோது. இப்போது அந்தக் கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டன. வாங்கக் காரணம் பக்தி என்று சொல்ல முடியாது. சித்தி ஒரு ஞாயிற்றுக்கிழமை, திருவாசகம் முழுவதையும் கூட்டமாக உட்கார்ந்து ஓதும் முற்றோதலுக்குக் கூட்டிப்போனாள். காலை ஏழு மணிக்குச் சிவபுராணத்தில் பிடித்தால், 51 பகுதியும் ஓதி அச்சோப் பதிகத்துக்கு வர மாலை ஐந்தாகிவிடும். என் கவனமெல்லாம் மதியச் சாப்பாட்டில். பக்கத்தில் ஒரு பாட்டி புத்தகத்தைப் புரட்டாமலே பாடிக்கொண்டிருந்தார். நான் எந்தப் பக்கம், எந்த வரி என்று தேடுவதற்குள் கூட்டம் அடுத்த பாட்டுக்குப் போய்விடும். அந்த ரோஷத்தில் வாங்கியதுதான்.

ஆரம்ப வருஷங்களில் அது எனக்கு வெறும் ஓசை. சிம்மக்கல்லில் பஸ்ஸை விட்டு இறங்கிக் கடைக்கு நடக்கும் தூரத்தில் சிவபுராணம் 95 வரியும் மனப்பாடம் ஆனது. அடுத்துப் போற்றித் திருவகவல், 225 வரி. ‘செல்வம் என்னும் அல்லலில் பிழைத்தும், நல்குரவு என்னும் தொல்விடம் பிழைத்தும்’ என்று வரும் இடத்தில் மட்டும் நடை கொஞ்சம் தளரும். பணம் இருப்பதும் தொல்லை, இல்லாததும் விஷம் என்று ஒரே மூச்சில் சொல்லக்கூடியவர் கருவூலம் பார்த்தவராகத்தான் இருக்க வேண்டும்.

இதைப் பாடிய மாணிக்கவாசகர் பார்த்தவர்தான். மேலூர்ப் பக்கத்துத் திருவாதவூர்க்காரர், பாண்டியனிடம் அமைச்சர், தென்னவன் பிரமராயன் என்று பட்டம். குதிரை வாங்கக் கொடுத்துவிட்ட அரசுப் பணத்தைத் திருப்பெருந்துறையில் கோயில் கட்டச் செலவழித்துவிட்டு வெறுங்கையோடு நின்றவர் என்று திருவிளையாடற் புராணம் சொல்கிறது. கணக்கு எழுதுகிறவள் என்ற முறையில் இந்தக் கதை எனக்கு நெடுநாள் உறுத்தல். எந்த ஆடிட்டர் இதை ஒப்புக்கொள்வார்? ராஜா வைகை மணலில் வெயிலில் நிறுத்தியதில் எனக்கு ஆச்சரியமே கிடையாது. நரி பரியான பிறகும் ராத்திரியே பரி நரியாகிவிட்டதே, இருப்பு மறுபடி பூஜ்யம்தானே என்று சித்தியிடம் வாதாடுவேன். “உன்கிட்ட சாமிகூட வவுச்சர் நீட்டணும்டி” என்பாள்.

எனக்கு இந்தப் புத்தகம் வேலை செய்யத் தொடங்கியது பூஜை அறையில் இல்லை, கடையில்தான். திருவம்மானையில் ஒரு பாட்டு:

‘கண்சுமந்த நெற்றிக் கடவுள் கலிமதுரை
மண்சுமந்து கூலிகொண்டு அக்கோவால் மொத்துண்டு
புண்சுமந்த பொன்மேனி பாடுதுங்காண் அம்மானாய்’

சிவன் கூலியாளாக வந்து பிட்டுக்கு மண் சுமந்து, பாண்டியனிடம் அடி வாங்கிய கதை மதுரையில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். ஆவணி மூலத்தில் சுவாமி புட்டுத்தோப்புக்கு எழுந்தருள்வதும், மாணிக்கவாசகர் திருவாதவூரிலிருந்து வருவதும் வருஷா வருஷம் பார்ப்பதுதான். ஆனால் அந்தப் பாட்டை ஒரு சனிக்கிழமை சாயங்காலம், கூலிப் பட்டியலை முன்னால் வைத்துக்கொண்டு முணுமுணுத்தபோது கை நின்றுவிட்டது. எதிரே லோடுமேன்கள் படிக்கட்டில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் சும்மாட்டுத் துணியை உதறி முகம் துடைத்துக்கொண்டிருந்தார். காலையிலிருந்து துவரம்பருப்பு மூட்டை ஏற்றிய தோளில் சாக்கின் இழை அப்படியே வரிவரியாகப் பதிந்திருந்தது. கடை வழக்கப்படி லைன் வசூல் வந்து, வங்கிக்குப் போக வேண்டியது போய், கடைசியாகத்தான் கூலி பட்டுவாடா. எட்டு மணி, ஒன்பது மணி ஆகும். நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்பிருந்தே அப்படித்தான்.

அடுத்த வாரம் முதலாளியிடம் கேட்டேன். “அண்ணாச்சி, சனிக்கிழமைக் கூலியை மதியமே குடுத்துறட்டுமா?”

“வசூல் வரட்டும்மா, பாப்போம்.”

“வசூல் வர எட்டாகுது அண்ணாச்சி. அதுக்கப்புறம் அவங்க எப்ப போய் அரிசி வாங்குறது?”

“நாம விக்கிறதே அரிசிதானம்மா” என்று சிரித்தார். கொஞ்ச நேரம் கழித்து, “சரி, குடு. கணக்கு ஒதைக்காமப் பாத்துக்க” என்றார்.

அன்றிலிருந்து எங்கள் கடையில் மதியம் மூன்று மணிக்குக் கூலி. இதற்கு ஒரு பக்தி நூல் வேண்டுமா என்று மகள் கேட்கிறாள். கேள்வி நியாயம்தான். ஆனால் அதே படிக்கட்டை, அதே ஆட்களை வருஷக்கணக்காகப் பார்த்தவள் நான். அந்தப் பாட்டு வந்து இடிக்கும்வரை கூலி என்பது எனக்கு ஒரு செலவுத் தலைப்பு, அவ்வளவுதான். சாமியே அந்தப் பட்டியலில் ஒரு நாள் பேர் கொடுத்தவர் என்று ஆன பிறகு பட்டியலை முன்போல் எழுத வரவில்லை.

வேறு மாற்றங்களும் உண்டு, சின்னவை. பாக்கிக்காரர்களிடம் போனில் கத்துவது குறைந்திருக்கிறது. நின்றுவிட்டது என்று சொன்னால் கடைப் பையன்கள் சிரிப்பார்கள். மீனாட்சி சன்னதியில் நின்று பட்டியல் வாசிக்கிற வழக்கம் போய்விட்டது. ‘வேண்டத்தக்கது அறிவோய் நீ, வேண்ட முழுதும் தருவோய் நீ’ என்று ஒருவர் சொல்லி வைத்துவிட்டுப் போன பிறகு நான் என்ன புதிதாக ஞாபகப்படுத்துவது?

குறைகளையும் சொல்ல வேண்டும். நீத்தல் விண்ணப்பத்தில் 50 பாட்டு. ‘விடுதி கண்டாய்’, என்னை விட்டுவிடாதே என்று பாட்டுக்குப் பாட்டு கெஞ்சுவது நெஞ்சை அறுக்கும். ஆனால் அவரைக் கெடுத்ததாக வரிசைகட்டி வருவது பெண்ணின் கண், இதழ், மார்பு. முற்றோதலில் பெண்கள்தான் அதிகம். அந்த வரிகளை நாங்கள்தான் ராகம் போட்டுப் பாடுகிறோம். அது புலனடக்கம், உட்பொருள் வேறு என்று பெரியவர்கள் விளக்குவார்கள். எனக்கு இன்னும் சமாதானம் ஆகவில்லை. அதே மனிதர் அம்மானை, பொற்சுண்ணம், தெள்ளேணம், ஊசல் என்று பெண்களின் விளையாட்டிலும் வேலையிலும் புகுந்து பெண் குரலிலேயே பாடியிருக்கிறார் என்பதுதான் விசித்திரம். திருச்சாழலில் ஒருத்தி ‘பூசுவதும் வெண்ணீறு, பூண்பதுவும் பொங்கரவம்’ என்று சிவனையே வம்புக்கு இழுக்கிறாள், இன்னொருத்தி பதில் கொடுக்கிறாள். எங்கள் தெருக் குழாயடியில் நடப்பது போலவே இருக்கும். அச்சப்பத்திலும் எனக்கு ஒரு வழக்கு உண்டு. ‘பிணியெலாம் வரினும் அஞ்சேன்’ என்று தொடங்குகிற பாட்டு, வெண்ணீறு அணியாதவரைக் கண்டால்தான் அச்சம் என்று முடிகிறது. எங்கள் லோடுமேன்களில் பாதிப் பேர் நீறு பூசாதவர்கள். அவர்களிடம் எனக்கு என்ன பயம்? அந்த முதல் அடியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அம்மாவுக்கு அறுவைச் சிகிச்சை நடந்த இரவில் ஆஸ்பத்திரி வராந்தாவில் அது உதவியது.

வாங்குகிறவர்களுக்கு: சந்தி பிரிக்காத மூலப் பதிப்பை முதலில் எடுக்காதீர்கள், நாலாவது பக்கத்தில் மூடிவிடுவீர்கள். பதம் பிரித்து, பெரிய எழுத்தில், கைக்கு அடக்கமாக வருவது போதும். உரை வேண்டுமானால் சுவாமி சித்பவானந்தர் எழுதியது நிதானமாக விளக்கும். ஆனால் கைப்பையில் அடங்காது. வயசாகிவிட்டது, இனி மண்டையில் ஏறாது என்பவர்களுக்கு ஒரு தகவல்: ஜி.யு. போப் இதை முழுவதும் ஆங்கிலத்தில் பெயர்த்து 1900இல் வெளியிட்டபோது அவருக்கு வயது 80. சிவபுராணத்தில்தான் தொடங்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. நான் யாருக்காவது வாங்கிக் கொடுத்தால் திருவம்மானையிலும் திருச்சாழலிலும் காகிதம் சொருகித்தான் கொடுக்கிறேன். நீளமான மூன்று அகவல்களையும் ஒரு வருஷம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம்.